வட்டிழந்த பனைகள்

உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த நாங்கள் மூவரும் 2017 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, லண்டனின் பிம்லிக்கோ நிலையத்தில் இறங்கி, ரேற் பிரிட்டன் கலைக்கூடத்தில் நடந்துகொண்டிருந்த ஆங்கில ஓவியர் போல் நாஷின் ஓவியக் கண்காட்சிக்குச் சென்றோம். மூவரில் சித்திர பாடத்தில் நாட்டமுடையவன் நான் மட்டுமே. மற்ற இருவரும் என் கரைச்சல் தாங்காமல்தான் வந்தார்கள்.

முதலில் 1914க்கு முந்திய படங்கள். பக்கிங்காம்ஷயரில் தாம் வளர்ந்த வீட்டுத் தோட்டத்து எல்ம் மரங்களையும், உச்சியில் தோப்புச் சூடிய விற்றன்ஹாம் குன்றுகளையும் வரைந்த நாஷ், மரங்களை மனிதரைப் போலவே தீட்ட முயன்றதாக அக்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு எங்கள் சித்திர ஆசிரியர் நினைவுக்கு வந்தார். பனையை அதன் வட்டிலிருந்துதான், ஓலைகள் விரியும் தலையிலிருந்துதான், கீறத் தொடங்க வேண்டும், அதற்கு முகம் அங்கேதான் இருக்கிறது என்பார்.

முதல் உலகப் போர்க்காலப் படங்களில் மரங்களுக்குத் தலையில்லை. 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனைக்குப் படை அதிகாரியாகச் சென்ற நாஷ், மே மாத இரவொன்றில் அகழிக்குள் விழுந்து விலா எலும்பு முறிந்து நாடு திரும்பினார். சில நாள்களுக்குள், ‘60ஆம் குன்று’ எனப்பட்ட மேட்டைத் தாக்கச் சென்ற அவரது சக அதிகாரிகள் பலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் அரசின் போர் ஓவியராக அங்கே மீண்டும் போய்வந்தவர், 1918இல் முடித்த படமொன்றுக்கு ‘நாம் ஒரு புதிய உலகைப் படைக்கிறோம்’ என்று கசப்போடு பெயரிட்டார். செம்பழுப்பு மேகங்களுக்கு மேலே வெண்சூரியன் எழ, அலையலையாகக் குமிந்த சேற்றில் மொட்டை மரங்கள் நிற்கின்றன. மனிதர் எவருமில்லை, பிணம்கூட இல்லை. இறந்தவர்களின் இடத்தில் மரங்களே நிற்பதால்தான் அது என்னை அவ்வளவு உலுக்கியது என நினைக்கிறேன்.

“முகமாலை” என்றான் அருகில் நின்ற நண்பன். 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபோது ஊருக்குப் போய், போர்முனையாக இருந்த அவ்விடத்தில் செல்லடியில் வட்டிழந்து கம்பங்களாக நின்ற பனைகளைப் பேருந்தின் யன்னலால் பார்த்தவன் அவன்.

1930களின் சர்ரியலிசப் படங்களை, நின்று பார்க்க வேண்டியவை இருந்தபோதிலும், விரைவாகவே கடந்தோம். ஒக்ஸ்போட்டுக்கு அருகே கௌலியில் குவிக்கப்பட்டிருந்த ஜெர்மன் விமானச் சிதைவுகளைக் கண்டு 1941இல் நாஷ் முடித்த படத்தில், உடைந்த இறக்கைகள் நிலவொளியில் உறைந்த அலைகளாகக் கரையேறுகின்றன. ‘செத்த கடல்’ என்ற அத்தலைப்பை எதிரியின் மொழியிலேயே வைத்திருக்கிறார். பொறியியலாளனான மற்ற நண்பன், எது இறக்கை, எது வால் என்று பிரித்தறிய முயன்றபடி அதன் முன்னால் நெடுநேரம் நின்றான்.

திரும்பும் வழியில், வட்டில்லாத பனைக்கு எங்கள் ஆசிரியர் எத்தனை புள்ளி போட்டிருப்பார் என்று அவனே கேட்டான். புகையிரதம் வந்துவிட்டது.