15.8 கிலோவுக்கு எவ்வளவு சாப்பாடு?

ஜூலை 1, 2024

மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. எடை 15.8 கிலோ. “பிள்ளை காஞ்சு போய்க் கிடக்கா” என்று அத்தை தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார். டாக்டர் வளர்ச்சி அட்டையைப் பார்த்து, கோடு ஒழுங்காக ஏறுகிறது, பயமில்லை என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவள் சாப்பிடுவதை ஒரு வாரம் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

முதலில், எவ்வளவு தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2020 பட்டியலில் 4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,360 கலோரி. ஆனால் அது 18.3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு. இன்னொரு கணக்கு, 3 முதல் 10 வயதுப் பெண் குழந்தைக்கு எடையை 22.5ஆல் பெருக்கி 499 கூட்டுவது. 855 வருகிறது. சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு அவ்வளவு வேண்டும். ஓட்டம் ஆட்டத்துக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் ஏறக்குறைய 1,280. சரி, இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 2

சோற்றை அளப்பதுதான் பெரிய வேலை. 200 கிராம் அரிசி வெந்ததும் 580 கிராம் சோறு. அவள் சாப்பிட்டது 110 கிராம், அதாவது 38 கிராம் அரிசி, சுமார் 135 கலோரி. தட்டில் ஒதுக்கியதைத் திரும்ப நிறுத்துக் கழித்தேன். இன்றைய மொத்தம் 1,060.

ஜூலை 3

சளி. இரண்டு வாய் ரசம் சாதம், பால், அவ்வளவுதான். 850. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஜூலை 4

எண்ணெயை விட்டுவிட்டேன்! தோசையைச் சுற்றி ஊற்றியது, தாளித்தது, பருப்பில் விட்ட நெய். 5 கிராம் எண்ணெய்க்கே 45 கலோரி. திருத்தியதும் முதல் நாள் 1,190, நேற்று 940. இன்று 1,050.

ஜூலை 6, சனி

அண்ணன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாடியில் ஒரே ஓட்டம். மூன்றாவது தோசையை அவளே கேட்டு வாங்கினாள், மேலே இரண்டு கடலைமிட்டாய். 1,560! நேற்று 1,310.

ஜூலை 8

ஞாயிறு 1,420, இன்று 1,350. ஏழு நாளையும் கூட்டி வகுத்தால் 1,260. புதன்கிழமையை மட்டும் பார்த்து அழுதிருக்கிறேன். சளியில் குறைத்ததைச் சனி, ஞாயிறில் அவளே ஈடுகட்டியிருக்கிறாள்.

நோட்டை அத்தையிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏழு மணிக்குப் பால் குடுத்தா எட்டு மணிக்கு எப்படிம்மா பசிக்கும்?” என்றார். உண்மைதான். நாளையிலிருந்து பால் சாயங்காலம் நாலரை மணிக்கு.