பால் கொடுக்கும் நாட்களிலும் பிடித்த உடை

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் ஒரு கையில் பிள்ளை, மறு கையால் உடையை விலக்க வேண்டும். அதற்காகப் பழைய நைட்டியே கதி என்று இருக்க வேண்டாம், தோழிகளே.

எனக்குக் கைகொடுப்பது இரண்டு அடுக்குதான். உள்ளே இழுபடும் பனியன், மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. சட்டையைத் தூக்கி, பனியனைக் கீழே இறக்கினால் போதும். வயிறும் முதுகும் மூடியே இருக்கும். ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கமும் கசியும் என்பதால் உள்ளே பேடு வைத்து, நனைந்ததும் மாற்றிவிடுவேன். வெளிர் நிறத்தில் ஈரம் பளிச்சென்று தெரியும். பூப்போட்ட அடர்நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம், இறுக்கமான பிரா மட்டும் வேண்டவே வேண்டாம், பால் கட்டிக்கொள்ளலாம். கம்மல் ஆசையா? தாராளமாகப் போடுங்கள், பிள்ளையின் விரலில் சிக்காத சின்னதாக.