கொழிஞ்சாம்பாறை ஸ்கேன் கணினியில் கோப்புறை அனுமதிகள்

எங்கள் ஊரின் பழைய திருவிழா நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் ஒரு கணினியில் சேர்த்து வருகிறோம். தமிழ்த் தாள்கள் என் பொறுப்பு, மலையாளத் தாள்கள் பக்கத்துத் தெரு அண்ணன் பொறுப்பு, கோப்புகளுக்குப் பெயர் வைப்பது அவர் மகள். மூன்று பேருக்கும் தனி லாகின். ஒருவர் சேமித்ததை இன்னொருவர் திருத்த முடியாமல் இருந்தது.

"எல்லாத்துக்கும் 777 போட்டுட்டா முடிஞ்சுதுங்களே தம்பி" என்றார் அண்ணன். இந்த மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்கள் ஆகியோரின் உரிமைகள்: படிக்க 4, எழுத 2, இயக்க (கோப்புறையென்றால் நுழைய) 1, மூன்றும் சேர்ந்தால் 7. ஆனால் அதே கணினியில் இணையப் பக்கங்களை வழங்கும் வெப் சர்வரும் ஓடுகிறது. 777 போட்டால் அதற்கும் எழுதும் உரிமை கிடைத்துவிடும். எனவே மூவரையும் ஒரு குழுவில் சேர்த்து, சிஎச்ஜிஆர்பி கட்டளையால் கோப்புறையை அந்தக் குழுவுக்கு மாற்றி, அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் 2770 கொடுத்தோம். குழுவில் சேர்ந்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் லாகின் செய்தால்தான் பலிக்கும்.

முன்னால் நிற்கும் அந்த 2தான் எனக்குப் பிடித்த இடம். அது செட்ஜிஐடி. உள்ளே புதிதாக உருவாகும் கோப்பு, உருவாக்கியவரின் சொந்தக் குழுவை விட்டுக் கோப்புறையின் குழுவை எடுத்துக்கொள்ளும். உள்கோப்புறைகளுக்கும் அந்த 2 தானாகவே வரும். ஆனால் வேறிடத்திலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்பு பழைய குழுவிலேயே இருக்கும். நகலெடுத்தால் சரியாக வரும்.

இது மட்டும் போதவில்லை. புதிய கோப்புகளில் எந்த உரிமைகளை நீக்குவது என்று சொல்லும் யுமாஸ்க் 022 ஆக இருந்ததால் புதிய கோப்புகள் 644 ஆகவே பிறந்தன, குழுவுக்கு எழுத வழியில்லை. மூவருக்கும் 007 ஆக்கியதும் 660 வந்தது. பழைய கோப்புகளுக்கு உள்ளே வரை அனுமதி மாற்றும்போது சிஎச்மாட் கட்டளையில் சின்ன எக்ஸுக்குப் (x) பதில் பெரிய எக்ஸ் (X) பயன்படுத்தினேன். கோப்புறைக்கு நுழையும் உரிமை கிடைக்கும், படக் கோப்புகள் இயங்கும் கோப்புகளாக மாறாது.

அப்புறம், அழிப்பதைத் தீர்மானிப்பது கோப்பின் அனுமதி அல்ல, கோப்புறையின் அனுமதி. 440 வைத்த மூலப் படத்தையும் குழுவில் யாரும் அழித்துவிடலாம். அதனால் மூலப் படங்கள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் ஸ்டிக்கி பிட்டும் (மதிப்பு 1) முன்னிருந்த 2உடன் சேர்த்து 3770. இனி கோப்பின் உரிமையாளர், கோப்புறையின் உரிமையாளர், ரூட் (கணினி நிர்வாகி) ஆகியோரே அழிக்க முடியும்.

பேக்கப் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் தர வேண்டியது பாக்கி. குழுவில் சேர்த்தால் எழுதவும் முடியும் என்பதால் தனி ஒரு கணக்குக்கு உரிமை தரும் செட்எஃப்ஏசிஎல் கட்டளை வழியாகச் செய்யப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்திலிருந்து இன்னொரு கட்டு நோட்டீஸ் வருகிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும்.