ஒன்றேகால் சதவீத ஓட்டு

இரண்டு நாளாக மனசு 1971 மே மாதத்திலேயே நிற்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டம். பங்குதாரர் என்ற உரிமையில் எழுந்து நின்றவர் அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஜான் ஹைன்ஸ். கேட்டது ஒன்றுதான்: நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறுங்கள்.

நிர்வாகம் எதிர்த்தது. ஆனால் இயக்குநர் குழுவுக்குள்ளிருந்தே ஒருவர் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பேசினார். பிலடெல்பியா பாப்டிஸ்ட் போதகர் லியான் சல்லிவன். அந்தக் குழுவின் முதல் கறுப்பின உறுப்பினர், சேர்ந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

கிடைத்த ஓட்டு ஒன்றேகால் சதவீதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

சபைகள் விடவில்லை. ஒன்று சேர்ந்து, வேறு வேறு கம்பெனிகளிடமும் வருடா வருடம் தீர்மானம் கொண்டுபோனார்கள். ஓய்வூதிய நிதியும் காணிக்கையும் எந்தப் பங்கில் கிடக்கின்றன என்று பார்ப்பதும் விசுவாசத்தின் பாகம்தானே? 1977இல் சல்லிவன் தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நடத்தை விதிகள் வகுத்தார். அது போதாது என்று பத்து வருடம் கழித்து அவரே சொல்லி, முழுதாக வெளியேறக் கோரினார். தன் பெயரிலேயே வழங்கிய விதிகளை விட்டு நகர எவ்வளவு நேர்மை வேண்டும்!

1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் தென்னாப்பிரிக்காவில் இருந்த தன் தொழிலை உள்ளூர் நிர்வாகத்திடம் விற்றது. உரிமம் பெற்று அதே கார்கள் தொடர்ந்து தயாராகின. தங்கள் பணப்பயன்களைக் கேட்டு அங்கே போர்ட் எலிசபெத் நகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.