நம்மை நினைவில் வைத்திருப்பவர்கள்

பள்ளியில் உடன் படித்தவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதைப் பலரும் ஓர் இனிய பொழுதுபோக்காகவே கருதுகிறார்கள்; நேரம் கிடைத்தால் பேசலாம், கிடைக்காவிட்டால் குறையொன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினைந்து, பதினாறு வயதில் நான் எப்படிப் பேசினேன், எதற்கெல்லாம் கோபப்பட்டேன், யாரைக் கண்டு ஒதுங்கி நின்றேன் என்பதற்கு என் நினைவு மட்டும் போதிய சாட்சியாகாது. வீட்டில் இருந்த என்னைக் குடும்பத்தாருக்குத் தெரியும். வேலைக்குப் போன பிறகு உருவான என்னை உடன் பணியாற்றுகிறவர்களுக்குத் தெரியும். வகுப்பறையில் இருந்த என்னை அறிந்தவர்கள் அந்த ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே. அவர்களோடு பேச்சு அறுந்துபோனால், என் வாழ்க்கையின் அந்தப் பகுதியைச் சரிபார்த்துச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

அந்தப் பகுதி சிறியதும் அல்ல. தன்வரலாற்று நினைவை ஆராயும் உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் உண்மை ஒன்று உண்டு: நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் தங்கள் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலத்து நிகழ்ச்சிகளே மற்றக் காலத்தவற்றைவிட மிகுதியாக வந்து விழுகின்றன. பல செய்திகளை முதன்முறையாக எதிர்கொள்ளும் வயது அது என்பதும், நான் இன்னார் என்று ஒருவர் தமக்குள் முடிவு கட்டிக்கொள்ளும் பருவம் அது என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். பள்ளியின் மேல்வகுப்புகள் இந்தக் காலத்தின் தொடக்கத்தில் வருகின்றன. பழைய தோழர்கள் இருவர் சந்தித்தால் அண்மைக் காலச் செய்திகளைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

எங்கள் வகுப்புக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்கிய புதிதில், யாரோ ஒருவர் பீரோவுக்குள் கிடந்த வகுப்புப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டார். ஓரங்கள் மங்கி, நடுவில் மடிப்பு விழுந்திருந்த படம். முகங்களைப் பார்த்தவுடனே எல்லோரையும் தெரிந்ததுபோல் இருந்தது; பெயர்களை எழுத முயன்றபோதுதான் கை நின்றது. 1975-இல் ஹாரி பாஹ்ரிக் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடித்த 392 பேரிடம் பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் கண்டதும் இதைத்தான். படிப்பை முடித்துச் சுமார் 35 ஆண்டுகள் ஆனவர்கள்கூட உடன் படித்தவர்களின் முகங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் சரியாக அடையாளம் கண்டார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பெயரைத் தாமே சொல்ல வேண்டும் என்றபோது, ஆண்டுகள் கூடக் கூட அந்தத் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. முகம் நம்மிடமே தங்கிவிடுகிறது. பெயருக்குப் பிறருடைய துணை வேண்டியிருக்கிறது.

அந்தத் துணை எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். முன்வரிசை எளிதில் முடிந்துவிட்டது. நடுவரிசையில் உயரமான ஒருவனுடைய தோளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டுமே தெரியும் ஒருவன் இருந்தான். கண்ணும் நெற்றியும் தெரிகின்றன, பெயர் யாருக்கும் வரவில்லை. அப்போது ஒரு தோழி, வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு முன்னும் பின்னும் வந்த பெயர்களை ஆசிரியர் கூப்பிட்ட அதே வரிசையில் தன்னால் சொல்ல முடியும் என்றாள். அவள் தன் எண்ணைச் சுற்றியிருந்த சில பெயர்களை எழுதினாள். அவற்றைப் பார்த்ததும் இன்னொருவனுக்கு அடுத்த சில பெயர்கள் வந்தன. அப்படியே சங்கிலிபோல் நீண்டு, எவருமே தனியாக நினைவுகூர முடியாத அந்தப் பட்டியல் அன்றிரவே ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. பாதி முகத்துக்கு உரியவனின் பெயர் பட்டியலின் இறுதிப் பகுதியிலிருந்து கிடைத்தது. அவன் குழுவில் இல்லை என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாளே இரண்டு பேர் அவனைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

பெயர்களைவிட நிகழ்ச்சிகள் சிக்கலானவை. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தது. அதற்காக ஒரு மாணவி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். என் நினைவில் அவள் அழுதுகொண்டு நின்றாள். குடுவையை உடைத்தவன் தானே என்றும், சொல்லத் துணிவில்லாமல் உட்கார்ந்திருந்ததாகவும் ஒருவன் குழுவில் எழுதினான். வெளியே நின்றவளைக் கேட்டோம். தண்டனை அவளுக்கு நினைவிலேயே இல்லை. அழுத ஞாபகமும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதாக அனுமதி கேட்டு வெளியே வந்த இன்னொரு பெண் தன்னோடு கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போனதை மட்டும், அவள் என்ன சொன்னாள் என்பது முதற்கொண்டு எழுதினாள். அந்த இன்னொரு பெண்ணும் குழுவில்தான் இருக்கிறாள். அப்படி வந்து நின்றது அவளுக்கு ஞாபகமே இல்லை.

ஒருத்தி மறந்துவிட்ட ஒரு சிறு கருணையை இன்னொருத்தி இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

இதில் எந்த வடிவம் உண்மை என்று வழக்காடுவதில் பயனில்லை. நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை வெளியே எடுப்பது அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்புவது என்று ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதிவிட்டார். சேர்ந்து நினைவுகூர்வதில் ஓர் இடர்ப்பாடும் இருக்கிறது. ஒரு குழு ஒன்றாக உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொள்ளும்போது, அதே ஆட்கள் தனித்தனியே நினைவுகூர்ந்ததை ஒன்றுசேர்த்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்பதை 1997 முதல் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருவர் பேசும் வரிசை இன்னொருவருடைய நினைவோட்டத்தைக் குலைத்துவிடுவதே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. பேசுகிறவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பவரும் மறந்துவிட நேர்கிறது என்பது 2007-இல் வெளியான இன்னோர் ஆய்வின் முடிவு. குழுக்களில் இதைக் கண்ணெதிரே காணலாம். சுவையாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் முதலில் சொல்லிவிட்டால், அவருடைய வடிவமே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடுகிறது. தயங்கித் தயங்கி எழுதுகிறவர்களிடம் இருந்த வேறு துணுக்குகள் அப்படியே அமிழ்ந்துபோகின்றன.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு முறையைச் சொல்லிப் பார்த்தேன், அது நன்றாகவே பலித்தது. ஏதேனும் ஒரு நாளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், முதலில் அவரவர் தமக்குத் தோன்றியதைத் தனியாக எழுதி ஒருவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அவர் ஒன்றின்கீழ் ஒன்றாகக் குழுவில் போடுவார். முரண்படும் இடங்களைத் திருத்துவதில்லை. பொதுவில் வாயே திறக்காத ஒருவன் இப்படி அனுப்பிய சிறு குறிப்பில்தான் எங்கள் வகுப்பறை ஜன்னல்களில் எது மூடாது, மழை பெய்தால் யாருடைய பெஞ்சு நனையும் என்பது இருந்தது.

குழுக்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995-இல் பள்ளித் தோழர்களைத் தேடுவதற்கென்றே அமெரிக்காவில் ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பில் ஒரே குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆட்களைக் கண்டுபிடிப்பது இத்தனை எளிதான பிறகும், பெரும்பாலான வகுப்புக் குழுக்கள் சில மாதங்களில் காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டு செய்திகளும் மட்டும் வந்து விழும் இடமாகிவிடுகின்றன. யாரும் யாருக்கும் எழுதாத இடத்தில் எத்தனை செய்தி வந்தாலும் அது தொடர்பு ஆகாது. பள்ளியை முடித்து வெளியேறிய இளைஞர்களை 18 மாதங்கள் பின்தொடர்ந்து 2015-இல் சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் வெளியிட்ட ஆய்வில், உறவினரோடான நெருக்கம் பெரிதும் அப்படியே நிற்க, நண்பர்களோடான நெருக்கம் முயற்சி எடுக்காதபோது விரைவில் தேய்ந்தது தெரியவந்தது. பெண்களின் நட்பைப் பேச்சும், ஆண்களின் நட்பைச் சேர்ந்து ஏதாவது செய்வதும் தாங்கிப்பிடித்தன என்றும் அவர்கள் கண்டார்கள். எங்கள் குழுவிலும் நிலைமை பெரும்பாலும் அப்படித்தான்; தோழிகள் தொலைபேசியில் பேசியே ஒருவரையொருவர் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஆண்களுக்கு ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை, பலன் தருவது ஒருவருக்கு மட்டும் எழுதப்படும் ஒரு குறிப்பான கேள்விதான். நெடுநாள் பேசாத ஒரு தோழனுக்கு நான் அனுப்பியது இது: “ஒன்பதாம் வகுப்பில் உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்குமே இல்லாத ஒரு நாட்டுக்கு வரைபடம் போட்டிருந்தாயே, அந்த நாட்டுக்கு என்ன பெயர் வைத்தாய்? நேற்று என் மகள் வரைபடம் வரைவதைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. பதிலுக்கு அவசரமில்லை.” நலம் விசாரிப்பும் வருத்தமும் இல்லாத இந்தச் சில வரிகளுக்கு அன்று மாலையே பதில் வந்தது. “நீங்கள்” என்று தொடங்கிய முதல் வாக்கியம் அடுத்ததிலேயே “நீ” ஆகிவிட்டது. நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, மலைகளைத்தான் அவன் வரைந்ததாகவும், ஆறுகளை நான் போட்டதாகவும் எழுதியிருந்தான். அந்த வரைபடத்தில் எனக்கும் கை இருந்தது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

எழுதலாமா, இத்தனை காலம் கழித்து எழுதினால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. 2024-இல் லாரா ஆக்னினும் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் வெளியிட்ட ஆய்வுகளில், பழைய நண்பருக்கு எழுத விருப்பம் உண்டு, தொடர்பு எண் இருக்கிறது, எழுதுவதற்கென்று நேரமும் ஒதுக்கித் தரப்பட்டது என்ற நிலையிலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் செய்தியை அனுப்பினார்கள். பெறுகிறவர் பக்கமோ வேறு மாதிரி இருக்கிறது. எதிர்பாராமல் ஒருவர் தொடர்புகொண்டால் அதைப் பெறுகிறவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எதிர்பாராமை மிகும்போது மகிழ்ச்சியும் மிகுகிறது. நீண்ட இடைவெளியை நாம் எழுதாமலிருப்பதற்குக் காரணமாக்குகிறோம், ஆனால் அதே இடைவெளிதான் நம் செய்திக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

உறங்கிக் கிடக்கும் உறவுகளால் நடைமுறைப் பயனும் உண்டு. பல ஆண்டுகள் பேசாத பழைய தொடர்புகளிடம் தொழில் தொடர்பாக ஆலோசனை கேட்கும்படி மேலாளர்களிடம் சொல்லிப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களிடமிருந்து வந்த ஆலோசனை, அடிக்கடி பேசுகிறவர்கள் தந்ததைவிடப் புதுமையாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் வேறு உலகத்தில் வாழ்ந்தவர்கள் என்பதால் புதிய செய்தி கிடைக்கிறது, பழைய நம்பிக்கையோ குறையாமல் இருக்கிறது. ஆனால் வேலையும் உதவியும் கேட்பதற்காக மட்டுமே பழைய தோழர்களைத் தேடிப் போவதை நான் விரும்பமாட்டேன். கேட்கப்படுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

நேரில் கூடும் சந்திப்புகளைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நாளைக் குறிப்பதிலேயே பாதி ஆர்வம் வடிந்துவிடுகிறது. ஆனால் வந்தவர்கள் வந்ததற்காக வருந்தி நான் பார்த்ததில்லை.

வராதவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். எல்லோருக்கும் பள்ளி இனிய இடமாக இருந்ததில்லை. கேலிக்கு ஆளானவர்கள், பட்டப்பெயரால் மட்டுமே அறியப்பட்டவர்கள், மதிப்பெண் வாசிக்கப்படும் நாளை நினைத்து நடுங்கியவர்கள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். பழைய பட்டப்பெயரைச் சொல்லி ஒருவரைக் குழுவில் வரவேற்பது, கூப்பிட்டவருக்கு அன்பாகத் தோன்றலாம்; கேட்டவருக்கு அந்த வகுப்பறைக் கதவு மறுபடியும் சாத்தப்பட்டதுபோல் இருக்கும். யாரையும் கேட்காமல் குழுவில் சேர்ப்பதும், ஒருவருடைய எண்ணை அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பதும் தவறு என்று எங்கள் அட்மின்கள் இப்போது கண்டிப்பாக இருக்கிறார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பாதி முகத்துக்காரன் கிடைத்துவிட்டான். குழுவில் சேர அவனுக்கு விருப்பமில்லை, காரணத்தை யாரும் கேட்கவுமில்லை. எங்களில் இரண்டு பேர் அவனோடு தனியாகப் பேசுகிறோம். வகுப்புப் படத்தின் நல்ல பிரதி ஒன்று கேட்டான், மடிப்பு விழாத பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.