பை டீ அச்சும் புரட்டாசிச் சனியும்

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

அக்டோபர் 4ஆம் தேதி அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகுதான் காலண்டரைச் சரியாகப் பார்த்தேன். அன்று புரட்டாசி மூன்றாம் சனி. வரப்போகும் 40 பேரில் பாதிக்கு மேல் முட்டைகூடத் தொட மாட்டார்கள்.

சாப்பாட்டை வெளியில் சொல்லியாயிற்று. ஆனால் வந்தவுடன் கையில் எடுத்துச் சாப்பிட ஒன்றை நானே செய்ய வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்குப் பிடித்தது பை டீ. மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளிப் பெரனாக்கன் வீடுகளில் விருந்தென்றால் வைப்பார்கள்: பொரித்த சின்ன மாவுக் கிண்ணம், உள்ளே வதக்கிய பங்குவாங் கிழங்கு, மேலே மிளகாய்ச் சாந்தும் கொத்தமல்லியும். விளிம்பு விரிந்து கவிழ்த்த தொப்பி போல இருப்பதால் பினாங்கில் இதற்கு டாப் ஹாட் என்றும் பெயர். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்ததும் நொறுங்க வேண்டும், அதுதான் முக்கியம்.

டின்னில் அடைத்த கிண்ணங்கள் கடையில் கிடைக்கும்தான். ஆனால் நான் வாங்கிப் பார்த்தவற்றில் முட்டை இருந்தது, பழைய எண்ணெய் வாடையும் அடித்தது. ஆளுக்கு மூன்று என்றால் 120. உடைவதையும் கணக்கில் வைத்தால் 150.

செப்டம்பர் 17, புதன்

பித்தளை அச்சு வாங்கிவிட்டேன். நீளக் கம்பி, நுனியில் வரிவரியான குட்டிக் கிண்ணம். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் அச்சு முறுக்கு அச்சைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒன்று பூ, மற்றது கிண்ணம். மற்றபடி அதே கம்பி, அதே பித்தளை, அதே வேலை: காய்ச்சு, மாவில் தோய், எண்ணெயில் இறக்கு. அச்சு முறுக்கை மலாய்க்காரர்கள் குவே லோயாங் என்பார்கள், லோயாங் என்றாலே பித்தளைதான். இத்தனை வருடமாக இரண்டையும் சாப்பிடுகிறேன், இரண்டும் ஒரே கைவேலை என்று இன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

புது அச்சில் மாவு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கழுவித் துடைத்து எண்ணெயில் மூழ்க வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை ஊறட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பக்கத்து வீட்டு பீபிக் வந்து கற்றுக்கொடுத்தார். வயதான பெரனாக்கன் பெண்களை பீபிக் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் 70க்கு மேல் ஆகிறது. தன் அச்சையும் கொண்டுவந்திருந்தார், பழகிப் பழகிக் கறுத்திருந்தது.

முதலில் முட்டை போட்டே கற்றுக்கொள் என்றார். மைதா 100 கிராம், அரிசி மாவு ஒரு பெரிய கரண்டி, ஒரு முட்டை, தண்ணீர் 200 மி.லி., உப்பு. கலக்கி, வடிகட்டி, அரை மணி நேரம் மூடி வைத்தோம். ரொம்ப அடித்துக் கலக்கினால் மைதாவின் பசை இறுகிக் கிண்ணம் ரப்பர் போல ஆகிவிடும், அரிசி மாவில் அந்தப் பசை கிடையாது, அதனால்தான் அதைச் சேர்ப்பது. மாவை அகலப் பாத்திரத்தில் வைக்காமல் உயரமான டம்ளரில் ஊற்றச் சொன்னார், அப்போதுதான் அச்சு நேராக இறங்கும்.

அச்சின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரைதான் மாவு தொட வேண்டும். மேலே ஏறிவிட்டால் அச்சை மூடிக்கொள்ளும், அப்புறம் கழற்றவே முடியாது. என் முதல் இரண்டும் அப்படித்தான் போயின, கத்தியால் சுரண்டி எடுத்தேன். அடுத்த மூன்றில் அச்சு போதிய சூடில்லை, மாவு ஒட்டாமல் டம்ளருக்குள்ளேயே வழிந்தது. பயந்து நன்றாகக் காயவிட்டால் மாவு கொப்புளித்துப் பொத்தென்று விழுந்தது. தோய்ப்பதற்கு முன் அச்சிலுள்ள எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். எண்ணெய் வழிய வழியத் தோய்த்தால் மாவு பிடிக்காது.

எண்ணெயில் இறக்கியதும் பீபிக் “பெலான், பெலான்” (மெதுவாக, மெதுவாக) என்றபடி என் மணிக்கட்டைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசைத்தார். அந்த அசைவில்தான் விளிம்பு வெளியே மலர்கிறது. சுவர் இறுகியதும் குச்சியால் லேசாகத் தள்ளினார். கிண்ணம் கழன்று எண்ணெயில் மிதந்தது. எத்தனை அழகு!

பன்னிரண்டாவதிலிருந்து எனக்கும் வந்தது.

செப்டம்பர் 24, புதன்

முட்டை இல்லாமல் முதல் முயற்சி. முட்டையை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். கிண்ணம் வெளுத்து, சுவர் முழுக்க ஓட்டையாக வந்தது. ஆறியதும் தோல் போல இழுபட்டது. மாவைப் பிடித்து நிறுத்துவதும் நிறம் கொடுப்பதும் முட்டை செய்யும் வேலை. அதை எடுத்தால் அந்த இரண்டையும் செய்ய வேறெதையாவது கொண்டுவர வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மாவிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். பிறந்தநாள்காரரை அடுப்படிக்கு இழுக்கக்கூடாது என்றுதான் தள்ளிப்போட்டேன். “அச்சு முறுக்குக்கு நான் என்னைக்கு முட்டை போட்டேன்? தேங்காய்ப் பால்தானே?” என்றார்.

இன்று அவர் சொன்னபடி செய்தது: மைதா 100 கிராம், அரிசி மாவு 40, கார்ன்ஃப்ளோர் 20, கெட்டித் தேங்காய்ப் பால் 70 மி.லி., தண்ணீர் 200 மி.லி., உப்பு, நிறத்துக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை அதற்கு மேல் போனால் வேகும் முன்பே கருகிவிடும். இதோடு ஒரு டீஸ்பூன் சுண்ணாம்புத் தெளிவு. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் வெற்றிலையோடு வாங்கும் சுண்ணாம்பில் ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் எடுத்தோம். பீபிக்கின் அம்மாவும் பை டீ மாவில் சுண்ணாம்பு நீர் விடுவாராம்.

அரிசி மாவு சீக்கிரம் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்பும் ஒரு கலக்கு கலக்க வேண்டும்.

நான் தெர்மாமீட்டரை வைத்து 175 டிகிரிக்காகக் காத்திருந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “சத்தத்தைக் கேளுடி” என்றார். அச்சு மாவைத் தொட்டதும் ஸ்ஸ் என்று சின்னதாக ஒரு சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் அச்சு ஆறிவிட்டது, படபடவென்று வெடித்தால் காய்ந்துவிட்டது. எண்ணெயின் சூட்டை தெர்மாமீட்டர் சொல்கிறது, ஆனால் அச்சின் சூட்டை அது எங்கே சொல்கிறது? அடுத்த இருபது கிண்ணங்களையும் காதை வைத்தே செய்தேன். மூன்றுதான் வீணாயின.

முட்டை போட்டதைவிட நிறம் கொஞ்சம் மட்டு. விரலால் அழுத்தினால் எளிதில் உடைகிறது. ஆனால் நொறுங்கும் விதத்தில் இதுதான் மேல் என்று மனதார நினைக்கிறேன். தேங்காய் வாசமும் லேசாக வருகிறது.

அக்டோபர் 1, புதன்

அடுப்பில்லாமல் செய்யலாமே என்று அண்ணி ஒரு யோசனை சொன்னார். பொப்பியா சுருள் செய்யும் மெல்லிய மாவுத் தோலைச் சதுரமாக வெட்டி, இருபுறமும் எண்ணெய் தடவி, குட்டி மஃபின் தட்டில் அழுத்தி, ஓவனில் 180 டிகிரியில் எட்டு நிமிடம். மொறுமொறுப்பாகத்தான் வந்தது, முட்டையும் இல்லை. நேரமில்லாதவர்கள் தாராளமாகச் செய்யலாம். பை டீயின் மெல்லிய சுவர் மட்டும் இதில் கிடைக்காது, அம்மாவுக்கு நான் அதைத்தான் தர வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று லீவு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பீபிக்கின் அச்சையும் கடன் வாங்கிக்கொண்டேன், ஒன்றில் பொரியும்போது மற்றது காய்ந்துகொண்டிருக்கும். மதியம் ஒன்றரைக்கு 158 கிண்ணங்கள். கவிழ்த்து வைத்து எண்ணெய் வடித்து, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டேன். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அரை மணி நேரம் திறந்து வைத்தாலே போதும், நமுத்துவிடும். தீபாவளிப் பலகாரத்துக்கு எடுத்து வைத்திருந்த சிவப்பு மூடி பாட்டில்கள் இப்போதே வெளியே வந்துவிட்டன.

மாலையில் உள்ளீடு. பங்குவாங்கையும் கேரட்டையும் தீக்குச்சி போல நறுக்கினேன், துருவினால் தண்ணீர் விட்டுக் குழைந்துவிடும். காய்ந்த இறாலுக்குப் பதில் ஊறவைத்த ஷீடாகே காளான், பூண்டுக்குப் பதில் இஞ்சி, உப்புக்குத் தவுச்சோ என்ற புளித்த சோயா விழுது. நாற்பது நிமிடம் வதக்கி, வடிதட்டில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். காயில் தண்ணீர் நின்றால் இத்தனை பாடும் ஒரு நிமிடத்தில் வீண்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று கும்பிட்டு வர மதியமாகிவிட்டது. மாலையில் கிண்ணங்களை 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் காட்டி எடுத்தேன், முதல் நாள் மொறுமொறுப்பு அப்படியே திரும்பியது.

முன்கூட்டி நிரப்பி வைக்கவில்லை. மேசையருகே நானும் அண்ணன் மகளும் நின்று, கேட்கக் கேட்க நிரப்பிக் கொடுத்தோம்: காய், வறுத்த தாவ்குவா (கெட்டி டோஃபு), பொடித்த வேர்க்கடலை, மிளகாய்ச் சாந்து, ஒரு கொத்தமல்லி இலை. வாங்கியவர்கள் அங்கேயே நின்று சாப்பிட்டார்கள். கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விரதம் இருக்கும் பெரியத்தை, “இதுல முட்டை இல்லையா, நிஜமா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு நான்கு சாப்பிட்டார்.

அம்மா ஒன்பது சாப்பிட்டார். பத்தாவதை வெறுமையாகக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுவர் வழியாக விளக்கு தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை, என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இன்று அச்சைத் துடைத்து எண்ணெய் தடவி பீபிக்கிடம் கொடுக்கப் போனேன். நீயே வைத்துக்கொள், தீபாவளி முடியட்டும் என்றார். பதிலுக்கு அம்மா கையால் ஒரு பாட்டில் அச்சு முறுக்கு வேண்டுமாம்.