டிரஃபால்கர் சதுக்கம் முதல் கிரீன்விச் வரை: லண்டனில் ஒரு ஜியோகேச்சிங் தடம்

ஜியோகேச்சிங் என்பது யாரோ மறைத்து வைத்த பெட்டியை (அதைக் கேஷ் என்பார்கள்) ஜிபிஎஸ் கருவியின் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு. லண்டனின் புகழ்பெற்ற இடங்களைக் கோத்து அமைத்த ஒரு மல்டி-கேஷ் தடத்தை, அதாவது பல நிலைகளைக் கடந்து பெட்டியை அடைய வேண்டிய தடத்தை, டிரஃபால்கர் சதுக்கத்தில் தொடங்கி கிரீன்விச்சில் முடித்துவிட்டேன். பெட்டி கடைசி நிலையில் மட்டுமே இருக்கிறது. அதற்கு முந்தைய நிலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கல்வெட்டையோ பலகையையோ படித்து, அதில் உள்ள ஆண்டையோ எண்ணிக்கையையோ தனித்தனி இலக்கங்களாகப் பிரித்து, கடைசி இடத்தின் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் எழுத்துகளாக விடப்பட்டிருக்கும் இடங்களை நிரப்ப வேண்டும். விடைகளைச் சொல்வது தடத்தை அமைத்தவருக்கும் இனி நடக்கவிருப்பவர்களுக்கும் இழைக்கும் அநீதி. ஆகவே எந்த எண் எந்த எழுத்துக்கு உரியது என்பதைத் தவிர்த்து, அந்த இடங்களைப் பற்றியும் அங்கே ஜிபிஎஸ் கருவி காட்டியதைப் பற்றியும் எழுதுகிறேன்.

நகர மையத்தில் பெட்டி வைக்காததற்குத் தக்க காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, வெளியிட்டார். காட்டோரத்தில் பிறந்த இந்தப் பொழுதுபோக்கு நகரத்துக்குள் வரும்போது, சுவரோரம் கைவிடப்பட்ட ஒரு பெட்டி பிறர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் தெருவில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு கேஷ் வெடிகுண்டோ என்ற ஐயத்தை எழுப்பி, வல்லுநர்களை வரவழைத்து வெடிக்கச் செய்யும் நிலைக்குப் போனது. நாடாளுமன்றத்துக்கும் டிரஃபால்கர் சதுக்கத்துக்கும் அருகே கல்லில் ஏற்கெனவே பொறித்திருப்பதையே துப்பாகப் பயன்படுத்துவதுதான் பொறுப்பான முறை என்பது என் உறுதியான கருத்து.

டிரஃபால்கர் சதுக்கத்தில் எல்லோருடைய கண்களும் நெல்சன் தூணையும், எட்வின் லேண்ட்சியர் வடித்து 1867-இல் வைக்கப்பட்ட நான்கு சிங்கங்களையுமே நாடுகின்றன. தூணின் உயரம் 56 மீட்டர் என்று பழைய நூல்களில் காணலாம்; 2006-இல் சீரமைப்பின்போது அளந்து பார்த்ததில் அது சுமார் 51.6 மீட்டரே என்று தெரிந்தது. நூலில் பார்த்த எண்ணை நம்பாமல் நேரில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்று தடக் குறிப்பு வலியுறுத்துவதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. சதுக்கத்தின் வடக்குப் பக்கத்தில், அடி, கஜம் முதலிய பிரிட்டிஷ் நீள அளவைகளைக் காட்டும் உலோக மாதிரி அளவுகோல்கள் 1876-இல் பொதுமக்களின் பயனுக்காகப் பதிக்கப்பட்டன. தெற்கே சாலையின் நடுவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் சிலை அருகேதான் லண்டனுக்கான தொலைவுகளை அளக்கும் தொடக்கப் புள்ளி இருக்கிறது. 1633-இல் வார்க்கப்பட்ட அந்தச் சிலையை, உள்நாட்டுப் போருக்குப் பின் உடைத்து உருக்கும்படி சொல்லி ஜான் ரிவெட் என்ற உலோகத் தொழிலாளரிடம் விற்றார்கள். அவர் அதை உடைக்காமல் ஒளித்து வைத்திருந்து, முடியாட்சி திரும்பிய பிறகு வெளியே கொண்டுவந்தார். ஒளித்து வைத்ததைத் தேடிப் போகும் நடைக்கு, ஒருகாலத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த சிலையே தொடக்கமாக வாய்த்ததை எண்ணி மிகவும் மகிழ்ந்தேன்.

அங்கிருந்து தேம்ஸ் கரைக்கு இறங்கினால் கிளியோபாட்ராவின் ஊசி என்று அழைக்கப்படும் எகிப்தியக் கற்றூண் வருகிறது. இந்தத் தடத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். மூன்றாம் துட்மோஸ் காலத்தில் செதுக்கப்பட்ட, ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள இந்தச் செங்கருங்கல் தூணை, இரும்பாலான உருளை வடிவக் கலத்துக்குள் வைத்து 1877-இல் கடல்வழியே இழுத்து வந்தார்கள். பிஸ்கே வளைகுடாவில் புயல் தாக்கியபோது, அந்தக் கலத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றச் சென்ற ஆறு மாலுமிகள் உயிரிழந்தார்கள். அவர்களின் பெயர்கள் பீடத்தில் இருக்கின்றன. தூணைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றைப் பார்த்த பக்கத்துக்குச் சுற்றிவந்து அவற்றைப் படிப்பதில்லை. இரு பக்கமும் காவல் இருப்பது போன்ற வெண்கல ஸ்பிங்ஸ்களில் ஒன்றின் மேல் துளைகளும் கீறல்களும் தெரியும். 1917 செப்டம்பர் 4 நள்ளிரவை ஒட்டி ஜெர்மானிய விமானம் வீசிய குண்டின் சிதறல்கள் ஏற்படுத்தியவை அவை என்று அருகிலுள்ள பலகை சொல்கிறது. இவை எல்லாவற்றையும்விட என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று: 1878-இல் தூணை நிறுத்தியபோது அதன் அடியில் ஒரு காலப்பேழையைப் புதைத்தார்கள். பிரிட்டிஷ் நாணயங்களோடு ஒரு ரூபாய் நாணயம், செய்தித்தாள்கள், ரயில்வே கால அட்டவணை, சவரக் கத்தி, கொண்டை ஊசிகள், பல மொழிகளில் பைபிள், அழகிகள் என்று கருதப்பட்ட பன்னிரண்டு இங்கிலாந்துப் பெண்களின் படங்கள் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. அதை எவரும் திறக்கப் போவதில்லை, அதன் பதிவேட்டில் எவரும் கையொப்பமிடப் போவதுமில்லை. இருந்தாலும் லண்டனின் மிகப் பெரிய கேஷ் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

செயின்ட் பால் பேராலயத்தில் துப்பு எளிது. விரைவாக எடுத்துக்கொண்டு, அதற்கு வடக்கே சில நிமிட நடையில் இருக்கும் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சிறிய பூங்காவுக்குச் சென்றேன். பிறரைக் காப்பாற்றும் முயற்சியில் உயிர்நீத்த சாதாரண மக்களுக்காக ஓவியர் ஜார்ஜ் ஃபிரடெரிக் வாட்ஸ் அமைத்த நினைவுச் சுவர் 1900-இல் இங்கே திறக்கப்பட்டது. ஓடு வேய்ந்த தாழ்வாரத்தின் கீழ் வரிசை வரிசையாகப் பீங்கான் பலகைகள். 1885 ஏப்ரலில் யூனியன் தெருவில் எரிந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுத்த ஆலிஸ் அயர்ஸ், ஒரு கொத்தனாரின் உதவியாளருடைய மகள் என்று அவருக்கான பலகை குறிப்பிடுகிறது. இந்தச் சுவரில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகர மனம் வரவில்லை. எல்லாப் பலகைகளையும் படித்தேன். நடக்கவிருப்பவர்கள் இதற்கென்று நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயை நினைவூட்டும் மான்யுமென்ட் தூண். கிறிஸ்டோபர் ரென்னும் ராபர்ட் ஹூக்கும் வடிவமைத்து 1677-இல் முடிந்த இதன் உயரம் 202 அடி. தீ தொடங்கிய புட்டிங் சந்து ரொட்டிக் கடைக்கும் இதற்கும் இடையிலான தொலைவும் 202 அடியே. ஜியோகேச்சிங்கில் ஒரு புள்ளியிலிருந்து குறித்த திசையில் குறித்த தொலைவு சென்று அடுத்த புள்ளியைக் கணக்கிடும் முறை உண்டு. இந்தத் தூண் அதே வேலையை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து செய்துவருகிறது. உள்ளே 311 படிகள். ஆனால் இந்த வட்டாரத்தில்தான் கருவி மிகவும் தடுமாறியது. உயர்ந்த கட்டடங்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதாலும், செயற்கைக்கோள் சமிக்ஞைகள் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி நீண்ட வழியில் வந்து சேர்வதாலும், நின்ற இடத்திலேயே நின்றிருந்தபோதும் காட்டிய இடம் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருந்தது. கல்லில் எழுதிய எண் மட்டும் அசையவில்லை. நெருக்கமான நகரப் பகுதிகளில் தெரு வரை கருவியை நம்புவதும், அதன் பிறகு கண்ணையும் குறிப்பையும் நம்புவதும்தான் எனக்குப் பயன்பட்டது.

டவர் பாலத்தில் 1894 என்ற திறப்பு ஆண்டோடு மேற்குப் பகுதித் துப்புகள் முடிந்தன. அங்கிருந்து படகில் கிரீன்விச் போகும்போது கணக்குகளைச் சரிபார்த்தேன். ஆயங்களை நாம் பாகையிலும் பதின்மப் புள்ளியுடன் கூடிய கலையிலும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) எழுதுகிறோம். அட்சரேகையில் மூன்றாம் பதின்ம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.85 மீட்டர் நகரும். லண்டன் இருக்கும் அட்சரேகையில், தீர்க்கரேகையின் அதே இலக்கத்துக்குச் சுமார் 1.15 மீட்டர்தான். ஆகவே கடைசி இலக்கத்தில் ஐயம் இருந்தால் தேடும் வட்டம் சிறிதே பெரிதாகும். முதல் பதின்ம இலக்கத்தில் ஐயம் இருந்தால் வேறொரு தெருவுக்கே போய்விடுவோம். எல்லா இலக்கங்களையும் கூட்டினால் வரவேண்டிய தொகையை அமைப்பாளர் கொடுத்திருந்தார். என் கூட்டுத்தொகை பொருந்தியது.

கிரீன்விச் வான்காணகத்தில் எல்லோரும் இரு கால்களையும் இரு அரைக்கோளங்களில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளும் கோடு, வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1851 முதல் பயன்படுத்திய தொலைநோக்கியின் வழியே செல்கிறது; 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு இதையே உலகின் முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றது. அந்தக் கோட்டின் மேல் நின்றால் ஜிபிஎஸ் சுழியத்தைக் காட்டாது. மேற்கு 0° 00.088 என்ற அளவில் காட்டும். கருவி காட்டும் சுழியத்துக்குச் செல்லப் பூங்காவுக்குள் சுமார் 102 மீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். ஏரி தன் கருவியின் செங்குத்தைப் பாதரசத் தொட்டியின் பரப்பைக் கொண்டு நிலைநிறுத்தினார். அந்தப் பரப்பு உள்ளூர் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டது. கிரீன்விச்சில் அந்த ஈர்ப்பின் திசை, பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்ட கணக்கீடு தரும் திசையிலிருந்து மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்கள் சுற்றுவது பூமியின் நிறை மையத்தை என்பதால், நேரக் கணக்கு தொடர்ச்சியாக நீடிக்க, தரையில் கோடு மட்டும் கிழக்கே நகர்ந்தது. போதாததற்கு, பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்கள் ஏரிக்கு முந்தைய வானியலாளர் பிராட்லியின் கோட்டைப் பின்பற்றுகின்றன. அது ஏரியின் கோட்டுக்கு மேற்கே சுமார் 6 மீட்டரில் இருக்கிறது. ஒரே குன்றில் மூன்று சுழியங்கள். கருவியின் அமைப்பில் ஜிபிஎஸ் பின்பற்றும் ஆய முறையான டபிள்யூஜிஎஸ் 84 தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி ஒவ்வொரு கேஷ் குறிப்பும் ஏன் சொல்கிறது என்பதை இந்தக் குன்றில் நின்றபோது முழுமையாக உணர்ந்தேன்.

பெட்டி வான்காணகத்திலிருந்து தள்ளி, கூட்டம் இல்லாத ஒரு பக்கத்தில் இருந்தது. வானம் திறந்திருந்ததால் கருவி சில மீட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. குறிப்பில் இருந்த ஒரே சொல் மீதியைச் சொல்லிவிட்டது. பதிவுத் தாளில் தேதியையும் பெயரையும் எழுதி, இருந்தபடியே மூடி வைத்தேன். தாள் காய்ந்தே இருக்கிறது, ஆனால் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன் மாற்றும்படி அமைப்பாளருக்குப் பராமரிப்புக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.